சூலியா தெருவின் கொடை மரபும் தமிழ் நூல்களும்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசிய நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பினாங்குத் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவின் பணமாற்றுக் கடைகளும் பயணியர் விடுதிகளும் பழைய புத்தகக் கடைகளும் கதவடைத்தன. உணவகங்கள் பொட்டலம் கட்டிக் கொடுப்பதோடு நின்றன. பள்ளிவாசலில் கூட்டுத் தொழுகை இல்லை. கோயிலில் பூசைக்கு அன்பர் கூட்டம் இல்லை. ஆயினும், ஆணை விலக்கப்பெற்ற பின்னர் அந்தப் பள்ளிவாசலும் தர்காவும் கோயிலும் முன் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைக் காக்க நிலம் இருந்தது. வாடகை வரும் கட்டடம் இருந்தது. கணக்குப் பார்க்க வாரியம் இருந்தது. தமிழில் எழுதுவோர்க்கும், நூல் வெளியிடுவோர்க்கும், மேளம் வாசிப்போர்க்கும் அத்தகைய பின்புலம் எதுவும் இல்லை என்பது அந்த ஆண்டில்தான் பலருக்கும் உறைத்தது. ஒரே தெருவில், ஒரே மக்களிடையே தோன்றிய இருவகைக் கொடைகளுள் ஒன்று இருநூறு ஆண்டு நிலைத்ததும், மற்றொன்று இருபது ஆண்டும் தாங்காமல் போனதும் எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

சூலியா தெரு பினாங்கின் தொன்மையான தெருக்களுள் ஒன்று. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய சில ஆண்டுகளிலேயே தென்னிந்திய வணிகர் இத்தெருவில் குடியேறினர். முதலில் மலபார் தெரு என வழங்கிய இது, பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் சூலியா தெரு என்னும் பெயரைப் பெற்றது. சூலியா என்னும் சொல் சோழ நாட்டின் பெயரொடு தொடர்புடையது என்பது பெரும்பாலோர் கொள்கை. சோழமண்டலக் கரையின் பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து வந்த தமிழ் முசுலிம் வணிகரையே அப்பெயர் குறித்தது. துணியும் மிளகும் பாக்கும் அவர்தம் கப்பல்களில் ஏறி இறங்கின. கப்பலில் வந்தவர் கடையை மட்டும் வைக்கவில்லை. தம் ஊர் வழக்கப்படி அறத்தையும் உடன் வைத்தனர்.

1801ஆம் ஆண்டில் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத், சூலியா மக்களின் தலைவராகப் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் மரைக்காயரை அமர்த்தினார். அவரே கப்பித்தான் கிளிங் எனப்பெற்றவர். பள்ளிவாசல் கட்டுவதற்கெனப் பதினெட்டு ஏக்கர் நிலம் அவ்வாண்டு வழங்கப்பெற்றது. நகரின் நடுவே பதினெட்டு ஏக்கர் என்பது சிறு நிலம் அன்று. பள்ளிவாசல் நின்றது அதில் ஒரு பகுதியில்தான். எஞ்சிய நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்தன, அவற்றின் வருவாய் பள்ளிவாசலுக்குப் பயன்பட்டது. விளக்கெரிக்க, பணியாளர்க்குச் சம்பளம் கொடுக்க, ஏழைகளுக்கு உணவளிக்க என ஆண்டுதோறும் யாரிடமும் கையேந்த வேண்டிய நிலை அதற்கு இல்லை. சொத்தைத் தொடாமல் அதன் விளைவை மட்டும் செலவிடும் இம்முறையே இசுலாமிய வழக்கில் வக்பு எனப்படுவது. சைவ வைணவ வழக்கில் தேவதானம், கட்டளை என்பனவும் இதனை ஒத்தவையே. தமிழ் ஆசிரியர்க்கு இது புதிதன்று. நுந்தா விளக்கெரிக்க ஆடுகளை விட்ட செய்தியைக் கூறும் சோழர் காலக் கல்வெட்டுகள் பாடநூலிலேயே உண்டு. ஆட்டை விற்று நெய் வாங்கச் சொல்லவில்லை அக்கல்வெட்டுகள். ஆடு சாவாமல் மூவாமல் நிற்க, அதன் பயனால் விளக்கெரிய வேண்டும் என்பதே ஏற்பாடு.

காதர் முகைதீன் 1834ஆம் ஆண்டில் மறைந்தார். சூலியா தெருவில், கிங் தெரு வந்து கூடுமிடத்தில் நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்கா இன்றும் உள்ளது. அதே தெருவில் பெருவணிகரும் கப்பல் உடைமையாளருமாகிய முகமது மெரிக்கான் நூர்தீனின் அடக்கவிடமும் உண்டு. அவர் மறைந்தது 1870இல். சற்றுத் தள்ளி, குயின் தெருவில் 1833ஆம் ஆண்டில் மாரியம்மன் கோயில் எழுந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1850களில் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்டாயுதபாணி கோயிலை எடுத்தனர். 1894 முதல் அவர்தம் வெள்ளி இரதம் தைப்பூச நாளில் நகரத் தெருக்களின் வழியே சென்று வருகிறது. இவை அனைத்துக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு: ஒவ்வொன்றுக்கும் பின்னே சொத்து இருந்தது.

சொத்து இருந்தால் வழக்கும் இருக்கும். பொறுப்பாளர் சிலர் அறச்சொத்தைத் தம் சொத்தாகவே கருதி நடந்த கதையும் பினாங்கின் வரலாற்றில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கு நீதிமன்றம் அறக்கொடை வழக்குகள் பலவற்றைக் கேட்டது. மறைந்தோர் நினைவாக ஆண்டுதோறும் விருந்தளிக்க என்று எழுதிவைத்த சொத்து ஆங்கிலச் சட்டப்படி அறம் ஆகாது எனத் தள்ளப்பட்டதுண்டு. கல்வியை வளர்ப்பதற்கென எழுதப்படுவதோ அச்சட்டத்தின்படி ஐயமற்ற அறம். இறுதியில் 1905ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற அரசு, முகமதிய இந்து அறநிலையச் சட்டத்தை இயற்றி, மறு ஆண்டு பினாங்கில் வாரியத்தை நிறுவியது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் நிலங்கள் அதன் மேற்பார்வைக்குள் வந்தன. வாரியத்தின் செயலைப் போற்றினோரும் தூற்றினோரும் அன்று இருந்தனர். சமூகத்தின் சொத்தை வெள்ளையர் கையில் கொடுத்தோமே என்ற மனக்குறையும் சிலருக்கு இருந்திருத்தல் இயல்பே. எனினும், நிலம் விலைபோகாமல் நின்றதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் எனலாம். இவ்வறங்களின் வரலாற்றைச் சால்மா நசுத்தியோன் கூ விரிவாக எழுதியுள்ளார். பினாங்குச் சூலியாக்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 2014இல் வெளிவந்தது. சூலியா தெரு வணிகரின் கொடையைப் பற்றிய மிக விரிவான நூல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது என்பதையும் தமிழாசிரியர் எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி அச்சின் பக்கம் வருவோம். இந்த வணிகரும் இவர்தம் உறவினரும் பள்ளிவாசலோடு நின்றுவிடவில்லை. 1870களில் நீரிணைத் துறைமுகங்களில் தமிழ் அச்சு எழுந்தபோது அதனை எழுப்பியவர்களும் பெரும்பாலும் தமிழ் முசுலிம்களே. 1875இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை வர்த்தமானி'யைத் தொடங்கினார். 1887இல் அவரே 'சிங்கை நேசன்' என்னும் வார இதழை நடத்தினார். அது 1890 வரை வெளிவந்தது. இதற்கிடையே 1876இல் 'ஜாவி பெரானாக்கான்' என்னும் மலாய் இதழ் சிங்கப்பூரில் தோன்றியது. மலாய் மொழியின் முதற் செய்தித்தாள் எனப் போற்றப்பெறும் அதனைத் தொடங்கியவர்கள் தமிழ் முசுலிம் தந்தையர்க்கும் மலாய்த் தாயர்க்கும் பிறந்த வழியினர். அதன் முதல் ஆசிரியர் முகமது சயீது, பினாங்கைச் சேர்ந்தவர். அவ்விதழ் 1895 வரை நடந்தது. மலாய் இதழியலின் முதல் ஏட்டைத் திறந்த கை தமிழ் வணிகர் மரபின் கை என்பது மலேசிய வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.

பினாங்குக்கென ஒரு பெருமை உண்டு. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1833இல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அதில் இடம்பெற்ற புலவருள் ஒருவர். அவர் பினாங்கில் தங்கியிருந்த காலத்தில், 1883ஆம் ஆண்டில், 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். பெயருக்கேற்ப அது கல்வியை ஆராயும் இதழ். புராணமும் கலம்பகமும் பாடிய ஒரு புலவர், கடல் கடந்த துறைமுகத்தில் அமர்ந்து இதழாசிரியராய்ப் பணியாற்றினார். நாகூர் ஆண்டகையின் தர்கா சூலியா தெருவில் நின்றது. நாகூர்ப் புலவரின் இதழ் அதே நகரில் அச்சேறியது. தர்காவை எடுத்தவரும் இதழுக்குச் சந்தா கொடுக்கத் தக்கவரும் ஒரே குடியினர்.

ஆனால் இதழ் பினாங்கில் நிலைக்கவில்லை. பின்னர் அது நாகூருக்குப் பெயர்ந்தது. நாவலர் அங்கிருந்தே தம் நூல்களை எழுதினார். ஆங்கிலப் புதினம் ஒன்றைத் தழுவி 'உமறு பாஷா யுத்த சரித்திர'த்தையும் தமிழாக்கினார். 1908இல் மறைந்தார். தர்கா இன்றும் விளக்கெரிய நிற்கிறது. இதழின் படிகளைக் காண விரும்பும் மாணவன் எங்கே தேடுவது எனத் திகைக்க வேண்டியுள்ளது.

இதற்குக் காரணம் வணிகரின் கஞ்சத்தனம் என்றல் தவறு. கொடை இருந்தது, கொடையின் வடிவம் வேறாயிருந்தது. பள்ளிவாசலுக்கு நிலம் எழுதி வைத்தவர், இதழுக்குச் சந்தா கொடுத்தார். சந்தா என்பது ஓராண்டுக்கு உரியது. வணிகம் செழித்தால் தொடரும்; கப்பல் கவிழ்ந்தால் நிற்கும். சந்தாப் பாக்கி என்பது அக்கால இதழ்கள் எல்லாவற்றையும் வாட்டிய நோய். நூலுக்கும் அதே நிலைதான். அந்நாளில் நூல் அச்சிடுவோர் முன்கூட்டியே கையொப்பம் திரட்டுவர். இத்தனை படிகளுக்கு இத்தனை ரூபாய் தருவேன் எனக் கையெழுத்திட்டவர் பெயர் நூலின் முகப்பில் இடம்பெறும். கையெழுத்திட்டவர் எல்லாரும் பணம் கொடுத்தார் என்பதற்கில்லை.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாற்றைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். கையொப்பம் திரட்ட அவர் பட்ட பாடு சிறிதன்று. அப்பதிப்புக்கு வேறு இரண்டு துணைகள் இருந்தன என்பதைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். ஒன்று, இளமையில் அவரைத் தாங்கிய திருவாவடுதுறை ஆதீனம். அது நிலபுலம் உடைய நிலையான அறம். மற்றொன்று, 1880 முதல் கும்பகோணம் கல்லூரி தந்த மாதச் சம்பளம். ஆதீனத்தின் சோறும் அரசின் சம்பளமும் இல்லையாயின், கையொப்பத்தை மட்டும் நம்பி ஏட்டுச் சுவடிகளோடு அத்தனை ஆண்டுகள் மல்லாடியிருக்க இயலுமா என்பது ஐயமே. மலாயாவில் ஆதீனம் இல்லை. சம்பளம் மட்டும் பின்னாளில் வந்தது.

அச்சம்பளம் ஆசிரியர் சம்பளம். மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் இதழ்களையும் சங்கங்களையும் போட்டிகளையும் குறிப்பிடுவர். தமிழ்ப் பள்ளி ஆசிரியர் பெற்ற மாதச் சம்பளத்தைக் குறிப்பிடுவோர் அரியர். இந்நாட்டில் கதையும் கவிதையும் கட்டுரையும் எழுதியோரில் பெருந்தொகையினர் ஆசிரியர்களே. அவர்கள் எழுத்தால் வாழவில்லை. பள்ளியால் வாழ்ந்து எழுத்தை வாழவைத்தனர். தம் சேமிப்பிலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ படிகள் அச்சிட்டு, அவற்றுள் பாதியை வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்தனர். எழுத்தாளர்க்கு அரசு எதுவும் செய்யவில்லை என்னும் பேச்சு பொதுவாக உண்மையே; 1981 முதல் வழங்கப்பெறும் தேசிய இலக்கியவாணர் விருது மலாய் மொழி எழுத்துக்கே உரியது. ஆயினும், பள்ளிச் சம்பளம் என்னும் வழியில், தானும் அறியாமல், அரசு தமிழ் எழுத்துக்குப் பெரும் புரவலராய் இருந்திருக்கிறது.

இடைக்காலத்தில் நாடு பல துன்பங்களைக் கண்டது. 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகைச் சுற்றி வந்த நச்சுக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலரைக் கொண்டுபோயிற்று. மலாயாத் தமிழரின் முதல் நாவல் எனப் பலர் கொள்ளும் வெங்கிடரத்தினத்தின் 'கருணாசாகரன்' வெளிவந்தது அதற்கு முந்திய ஆண்டில். எழுதுவோர்க்கு இடர்க்கால உதவி வேண்டும் என்னும் எண்ணமே அன்று யாருக்கும் இருக்க முடியாது. உயிர் பிழைத்தலே பெரிதாயிருந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பெற்றனர். அவ்வீழ்ச்சியின் வடு ஆறுமுன், 1935 சூலைத் திங்களில், சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஒரு காசு விலையில் வெளிவந்தது. பெருவணிகரின் ஒரு கையொப்பத்துக்கு ஈடாக ஆயிரம் பேரின் ஒரு காசு என்னும் கணக்கு அதில் இருந்தது. கோ. சாரங்கபாணி அக்கணக்கைப் பின்னும் விரித்தார். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் அவர் நிதி திரட்டியபோது, கூலியாட்களும் கடைச் சிப்பந்திகளும் தம்மாலான சிறு தொகையைத் தந்தனர். அந்நிதி நூலகத்துக்கு நூல்களாயிற்று. இடர்க்காலத்துக்கு ஆற்றாத சந்தாவினின்றும் நிலைத்த பயன் தரும் பொருளுக்கு மாறிய அரிய நிகழ்ச்சிகளுள் அது ஒன்று.

அதே வழியில் மற்றொன்றையும் சொல்லவேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பெற்றுத் தொழிலாளர் வீடிழந்த காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கை வாங்கினான். அப்பணத்தால் தோட்டங்களே வாங்கப்பெற்றன. அச்சங்கம் பின்னாளில் நாவல் போட்டிகளுக்கும் இலக்கியப் பரிசுகளுக்கும் பொருள் தந்தது. அந்தப் பரிசுப் பணத்தின் வேரைத் தோண்டினால் பால்மரத்தடியில் நின்ற ஒருவனின் பத்து வெள்ளி தென்படும். 1972இல் 'தமிழ் நேசன்' சிறந்த சிறுகதைக்குப் பவுன் பரிசளித்து எழுத்தாளரை ஊக்கியது. அதுவும் மறக்கத்தக்கதன்று, ஆனால் பவுனைப் பெற்றவர் அதனை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய நாளும் வந்திருக்கும். 1924இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பெற்றது. பெருந்தொற்று வருமுன்பே அந்த மரம் சாய்ந்துவிட்டது.

சூலியா தெருவுக்கு மீண்டும் வருவோம். அத்தெருவின் சிறுதொழிலாளர்க்கு நெடுங்காலம் துணைநின்ற மற்றோர் உதவியை யாரும் உதவி என்று அழைத்ததில்லை. அது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948க்கு முன் கட்டப்பெற்ற கட்டடங்களின் வாடகையை அது உயரவிடாமல் வைத்திருந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பெரும்பாலும் அவ்வகையின. அச்சுக்கோப்பவர், புத்தகம் கட்டுபவர், பெயர்ப்பலகை எழுதுபவர், பூக்கட்டுபவர், பொற்கொல்லர் முதலிய சிறு வருவாயினர் நகரின் நடுவே குடியிருந்து தொழில்செய்ய முடிந்தது அதனால்தான். 1999ஆம் ஆண்டின் முடிவோடு அக்கட்டுப்பாடு நீங்கியது. வாடகை பன்மடங்கு ஏறிற்று, பலர் வெளியேறினர். 2008 சூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுடைமை நகராயிற்று. அடுத்த ஆண்டில் தோன்றிய திங்க் சிட்டி என்னும் நிறுவனம் நகர் மீட்புக்கென 2 கோடி வெள்ளி மானியத் திட்டத்தை நடத்தியது. கட்டடங்கள் பொலிவு பெற்றன. கட்டடத்துக்குள் இருந்தவர் முன்னமே போய்விட்டிருந்தனர் என்பதை அத்திட்டத்தால் மாற்ற இயலவில்லை. வீட்டுக்காரர் சட்டத்தால் இழந்தது மிகுதி என்பதும் நேர்மையாகச் சொல்லத்தக்கதே. ஐம்பது ஆண்டுகள் ஒரு சாராரின் செலவில் மற்றொரு சாரார் வாழ்ந்தனர். எனினும், கலைக்கும் கைத்தொழிலுக்கும் வாடகையே முதற்பகை என்பதற்கு இத்தெருவைவிடச் சான்று வேண்டா.

இந்த நிலையில்தான் பெருந்தொற்று வந்தது. அது தமிழ் எழுத்தையும் கலையையும் எவ்வழியாகத் தாக்கியது என்பதை நுணுகிப் பார்க்கவேண்டும். மலேசியாவில் தமிழ் நூல் கடையில் விற்பதைவிட வெளியீட்டு விழாவில் விற்பதே மிகுதி. மண்டபம் பிடித்து, தலைவர் ஒருவரை அழைத்து, அவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு ஒரு தொகையைக் கவரில் வைத்து அளிக்க, பின்னர் வரிசையாய் வந்தோர் தத்தம் தகுதிக்கேற்ப அளிக்க, அச்சுச் செலவு அந்த ஒரே மாலையில் தேறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கையொப்ப முறைதான் மேடை ஏறி மாலை சூடிக்கொண்டது. கூட்டம் கூடலாகாது என்றவுடன் இந்த முறை வேரோடு நின்றது. அச்சகத்தில் கட்டி வைத்த நூல்கள் கட்டாகவே கிடந்தன. விழா இல்லாமல் நூலை விற்கும் வழி பலருக்குத் தெரியாது, பழகியதும் இல்லை.

பள்ளிகள் மாதக் கணக்கில் மூடப்பெற்றன. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். தமிழ்ப் பதிப்பாளர் பலர்க்கு உண்மையான வருவாய் கதை நூலிலிருந்து வருவதன்று; பயிற்சி நூலிலிருந்து வருவது. 2020ஆம் ஆண்டின் ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பெற்றது. 2021 ஏப்ரலில் அத்தேர்வே இனி இல்லை என அரசு அறிவித்தது. பிள்ளைகளுக்கு அது நன்மையாய் இருக்கலாம். ஆசிரியருள் பலர் அதனை வரவேற்றனர். தேர்வு வழிகாட்டி விற்ற பணத்தில் ஆண்டுக்கு ஒரு கவிதை நூலைத் துணிந்து வெளியிட்ட பதிப்பாளர்க்கோ, அந்தத் துணிவின் முதலே அற்றுப்போயிற்று.

இசைக் கலைஞர் நிலை இதனினும் கொடிது. நாகசுரம், தவில் வாசிப்போர்க்குத் திருமணமும் திருவிழாவுமே வருவாய். 2021 சனவரி 28ஆம் நாள் வந்த தைப்பூசத்தன்று பினாங்கில் இரத ஊர்வலம் இல்லை. நூற்றாண்டுக்கு மேலாக வெள்ளி இரதத்துக்கு முன் முழங்கிய மேளம் அன்று முழங்கவில்லை. கோயிலுக்குச் சொத்து இருந்தது. பூசை உள்ளே நடந்தது. மேளக்காரர்க்கு மாதச் சம்பளம் உள்ள கோயில்கள் சில. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி வாசிப்போர் பலர்.

அரசு வாளாவிருந்தது என்று சொல்லுதல் முறையன்று. 2020 சூன் 5ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற பெஞ்சானா மீட்சித் திட்டத்தில் கலை, பண்பாடு, கேளிக்கைத் துறைகளுக்கென 22 கோடியே 50 இலட்சம் வெள்ளி ஒதுக்கப்பெற்றது. செண்டானா என்னும் பண்பாட்டுப் பொருளாதார வளர்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே கலைஞர்க்குச் சிறு நிதி வழங்கத் தொடங்கியிருந்தது. பிற நாடுகளும் இவ்வாறே செய்தன. பிரிட்டன் 157 கோடி பவுண்டும், செருமனி 100 கோடி யூரோவும் பண்பாட்டு மீட்சிக்கென ஒதுக்கின. சிங்கப்பூர் 5 கோடியே 50 இலட்சம் டாலர் ஒதுக்கியது. இடர்க்காலத்தில் எழுத்தாளரை அரசு தாங்கும் கருத்துக்கு மூத்த எடுத்துக்காட்டு அமெரிக்காவினுடையது. 1935இல் ரூசுவெல்ட் அரசு கூட்டரசு எழுத்தாளர் திட்டத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை கொடுத்தது. அவர்களுக்கு அது இலவசத் தொகை தரவில்லை. மாநிலந்தோறும் வழிகாட்டி நூல் எழுதும் வேலையைத் தந்தது. அந்நூல்கள் இன்றும் நூலகங்களில் உள்ளன.

உதவி வந்தபோது அதனைப் பெறும் கை எப்படி இருந்தது என்பதே தமிழர் பக்கத்தில் எழுந்த கேள்வி. இத்தகைய நிதிக்கு விண்ணப்பிப்பவர், தாம் கலையால் வாழ்பவர் என்பதற்கும், அவ்வருவாயை இழந்தார் என்பதற்கும் சான்று காட்டவேண்டும். விழா மேடையில் கவரில் வந்த பணத்துக்கு என்ன சான்று உண்டு? கல்யாண வீட்டில் தட்டில் வைத்துக் கொடுத்த தொகைக்கு எந்தப் பற்றுச்சீட்டு உண்டு? கணக்கில்லாத கொடையால் வாழ்ந்தவர், கணக்குக் கேட்கும் உதவியின் முன் வெறுங்கையராய் நின்றார். ஆசிரியரான எழுத்தாளர்க்கு இக்கேள்வி எழவில்லை, சம்பளம் நின்றபாடில்லை. அவர் இணையவழிப் பாடம் நடத்திக்கொண்டே நாவலும் எழுதினார். இழப்பு அவரைச் சுற்றி இருந்தவர்க்கு: அச்சகத்தார்க்கு, பதிப்பாளர்க்கு, ஓவியர்க்கு, மேளக்காரர்க்கு.

தமிழ்நாட்டில் நிலை சற்று வேறு. அங்கே 2007இல் தோன்றிய நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் இருந்தது. அதில் பெயர் பதிந்திருந்தோர்க்கு 2020இல் ஆயிரம் ரூபாய் வீதம் உதவி சென்றது. தொகை சிறிது, ஒரு குடும்பத்துக்கு ஒரு மாத அரிசி பருப்புக்கும் போதாது. ஆயினும் பெயர்ப்பட்டியல் ஒன்று ஆயத்தமாக இருந்தது. பெயர் பதியாதவர் அங்கும் பலர். அவர்களுக்காகப் பாடகர் டி.எம். கிருட்டிணா தொடர்புடைய சுமனசா அறக்கட்டளை போன்ற தனியார் முயற்சிகள் பணம் திரட்டின. பதிப்பாளர்க்கு அங்கே வேறொரு நிலையான துணை உண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் திரட்டப்படுகிறது. அப்பணத்தில் நூலகங்களுக்கு நூல் வாங்கப்படுகிறது. ஆணை வரத் தாமதம், பணம் வரத் தாமதம், தேர்வில் ஓரவஞ்சனை எனக் குறைகள் ஆயிரம் சொல்வர். இருந்தும், சனவரியில் நடக்கவேண்டிய சென்னைப் புத்தகக் காட்சி தொற்றினால் 2021இல் பிப்ரவரி இறுதிக்குத் தள்ளிப்போனபோது, பதிப்பாளர் அரசிடம் சென்று 'நூல் வாங்குங்கள்' என்று உரிமையோடு கேட்க ஒரு வாயில் இருந்தது. வீட்டுவரி கட்டுபவன் ஒவ்வொருவனும் தான் அறியாமலே நூலுக்குக் கொடையாளன் ஆகிறான். கல்வெட்டில் கண்ட ஆடுகளை இந்த வரி ஓரளவு ஒத்தது.

மலேசியத் தமிழ் நூல்களுக்கு அத்தகைய வரியும் இல்லை, வாரியமும் இல்லை. சட்டத்தில் தடை உண்டா எனின், இல்லை. கல்வியை வளர்க்கும் அறம் சட்டம் ஏற்கும் அறமே. பள்ளிவாசலின் பதினெட்டு ஏக்கரில் ஒரு கடைவீட்டின் வாடகை போன்ற வருவாயை நூலுக்கென ஒதுக்க 1883இலும் தடை இருந்ததில்லை, இன்றும் இல்லை. நாவலருக்குச் சந்தா கொடுத்த வணிகருள் ஒருவர் ஒரு கடைவீட்டை இதழுக்கு எழுதி வைத்திருந்தால் 'வித்தியா விசாரிணி' இன்றுவரை நடந்திருக்கும் என்று சொல்லத் துணிதல் மிகை. ஆசிரியர் மறைந்ததும் மறையும் இதழ்கள் பல. ஆனால் அதன் படிகளாவது பினாங்கில் ஓர் அறையில் இருந்திருக்கும். அந்த அறைக்குப் பூட்டும் பொறுப்பாளரும் இருந்திருப்பர்.

2022 ஏப்ரல் 1ஆம் நாள் மலேசியா தன் எல்லைகளைத் திறந்தது. சூலியா தெருவில் வெளிநாட்டுப் பயணியர் மீண்டும் நடமாடினர், விடுதிகள் விளக்கேற்றின. திருமண மண்டபங்களில் மேளம் கேட்டது. அவ்வாண்டிலேயே நூல் வெளியீட்டு விழாக்களும் தொடங்கின. இரண்டாண்டு கட்டிலிருந்த நூல்கள் மேடைக்கு வந்தன. தலைவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு கவரை அளித்தார்.